போனவரும் இருந்தவரும்: முத்துக்குளித்துறை வழியே சவேரியாரின் தடம்

தூத்துக்குடியில் தொடங்கித் தெற்கே இறங்கிக் கன்னியாகுமரி முனையைச் சுற்றி வளைந்து, மேற்கே பூவார் வரை செல்லும் கடற்கரையை இன்று பேருந்திலோ காரிலோ ஒரே நாளில் கடந்துவிடலாம். பதினாறாம் நூற்றாண்டில் இதே கரை ஒரு மறைபணியாளரின் முழு உலகமாக இரண்டு ஆண்டுக்காலம் இருந்தது. கரையின் கிழக்குப் பகுதியை முத்துக்குளித்துறை என்பர். கடலடியில் சிப்பி படுகைகளாகப் படிந்திருக்கும் இடங்களைப் பார் என்றும், அவற்றில் ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில் அரச அனுமதியோடு நடந்த குளிப்பைச் சலாபம் என்றும் இப்பகுதியினர் வழங்கிவந்தனர். அக்குளிப்பை நடத்திய பரதவரின் ஊர்கள் தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, உவரி என வரிசையாக மணல்மேட்டுக்கும் அலைவாய்க்கும் நடுவே அமைந்துள்ளன. தமிழ்க் கத்தோலிக்கர் சவேரியார் என அழைக்கும் பிரான்சிஸ் சேவியர் 1542 முதல் 1544 வரை இவ்வூர்களில் நடந்தும் தோணியிலும் சுற்றிக் குடும்பங்களுக்கு மறைக்கல்வி கற்பித்தார். பின்னர் மலாக்காவுக்கும் மொலுக்கஸ் தீவுகளுக்கும் யப்பானுக்கும் போனார். ஒரு மறைபணியாளரின் வாரம் இக்கரையில் எவ்வாறு கழிந்தது, அவர் வேற்று நாட்டுக்குப் போன பின்னும் கற்பித்தது எவ்வாறு நிலைத்தது என்னும் இரண்டையும் அவ்வூர்களின் வழியே சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சவேரியாரின் இந்தியப் பயணமே ஒரு பணிமாற்றத்தால் விளைந்தது. ஸ்பெயினின் வடக்கிலுள்ள நவாரா நாட்டில் 1506 ஏப்ரல் 7 அன்று பிறந்த அவர், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயிலும்போது, பின்னாளில் இயேசு சபை எனப் பெயர்பெற்ற துறவுக் குழுவைத் தொடங்கிய இஞ்ஞாசியாரோடு இணைந்து, அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார். போர்த்துகல் மன்னர் மூன்றாம் ஜோவான் இந்தியாவுக்கு ஆட்கள் கேட்டபோது அனுப்புவதற்கெனத் தேர்வு செய்யப்பட்டவர்களில் சவேரியார் இல்லை. பொபதில்லா என்பவரே செல்ல வேண்டியிருந்தது. அவர் நோயுற்றுப் படுத்துவிடவே, ரோமில் இஞ்ஞாசியாரின் செயலராக இருந்த சவேரியார் அவருக்குப் பதிலாக 1540 மார்ச்சில் புறப்பட்டார். லிஸ்பனிலிருந்து 1541 ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், கப்பலேறி, மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கி, 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அங்கும் அவர் நிலைகொள்ளவில்லை. சில மாதங்களிலேயே ஆளுநரின் விருப்பப்படி முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். போர்த்துகேய மொழியும் தமிழும் அறிந்த, கோவாவில் பயின்ற மூன்று தமிழ் இளைஞர்கள் உடன் வந்தனர். தமிழ் அறியாத ஒருவர் தமிழ்க்கரையில் இறங்குவதற்கு அவர்களே வழியானார்கள் என்பதைப் பிற்கால வரலாறுகள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

அவர் வந்தபோது இக்கரையின் பரதவர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். திருமுழுக்கு என்பது நீரால் கழுவி ஒருவரைக் கிறித்தவராக ஏற்கும் சடங்கு. பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ஞானஸ்நானம் எனப்படும். 1530களின் இடைப்பகுதியில் முத்து வணிகத்தில் இருந்த முஸ்லிம்களுக்கும் பரதவருக்கும் மூண்ட பகை இரத்தக்களரியில் முடிந்தபோது, குதிரை வணிகரான ஜோவான் த குரூஸ் என்னும் கிறித்தவர் போர்த்துகேயரின் பாதுகாப்பை நாடும்படி அறிவுரை கூறினார். பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்று உதவி கேட்டனர். அதன் விளைவாக ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துகேயருக்குக் கிடைத்தது முத்துக்குளிப்பின் மீதான செல்வாக்கு, பரதவருக்குக் கிடைத்தது கடலில் அஞ்சாமல் தொழில் செய்யும் உரிமை. சமயக் கல்வி மட்டும் இருவராலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டனர். மொழி தெரிந்தவர் ஒருவரும் தங்கவில்லை. கிறித்தவப் பெயர் சூட்டப்பட்ட மக்கள், அப்பெயருக்கு மேல் எதுவும் சொல்லித்தரப்படாமல் ஐந்தாறு ஆண்டுகள் விடப்பட்டிருந்தனர். இதைப் பரதவரின் குறையாகச் சித்திரிக்கும் எழுத்துகள் உண்டு, அது நேர்மையன்று. சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் அறியாமை மக்களின் குற்றமாகாது.

தூத்துக்குடிக்கு வரும் பயணி முதலில் காண்பது பனிமய மாதா பேராலயம். இன்றைய கட்டடம் 1713இல் எழுந்தது. ஆகஸ்டு 5இல் நிறைவுறும் அதன் திருவிழா ஊரையே கடற்கரைப் பக்கம் இழுத்துவிடும். ஆயினும் சவேரியாரின் தடத்தைத் தேடுபவர் அங்கிருந்து தெற்கே இறங்கித் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயலுக்குப் போவது நலம். ஆற்றின் கிளைகளும் உப்பங்கழியும் சூழ்ந்த அவ்வூருக்கு இன்று சாலை உண்டு. அன்று தோணியே வழி. பின்னாளில் இயேசு சபையாரின் தலைமையிடமாக விளங்கிய புன்னைக்காயலிலிருந்தும், இதற்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டிலிருந்தும் சவேரியார் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்காலக் கரையோர வாழ்வை நாள்வாரியாகக் காட்டும் சான்று வேறெதுவும் இவற்றுக்கு இணையாகாது. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை பிரான்சிஸ்கு மன்சில்யாஸ் என்னும் உடன்பணியாளருக்கு எழுதப்பட்டவை. இந்த மன்சில்யாஸ் லிஸ்பனிலிருந்தே அவருடன் வந்தவர், படிப்பில் பின்தங்கியவர், ஆனால் உழைப்புக்கு அஞ்சாதவர். கரையின் ஒரு பகுதியை அவரிடம் விட்டுவிட்டு மறுபகுதிக்குச் சவேரியார் போவதும், இருவரும் ஓலை வழியாகவும் ஆள் வழியாகவும் செய்தி பரிமாறிக்கொள்வதும் 1544ஆம் ஆண்டின் நடைமுறையாக இருந்தது.

கற்பிக்கும் வேலை எப்படி நடந்தது என்பதை ரோமிலிருந்த தோழர்களுக்கு 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை ஓரிடத்தில் கூட்டி, பல நாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம், பாவ அறிக்கை மன்றாட்டு ஆகியவற்றைத் தமிழாக்கினர். இங்கு மந்திரம் என்பது மனப்பாடமாகச் சொல்லும் இறைவேண்டலைக் குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கரிடையே இவ்வழக்கு இன்றும் உள்ளது. அவற்றைத் தாமே நெட்டுருப் போட்டுக்கொண்டு, கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய், வந்து சேர்ந்த சிறுவரையும் பெரியவரையும் கூட்டி நாளொன்றுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் மந்திரங்கள் சிறுவர்களுக்கு மனப்பாடமாயின. அதன்பின் அவர் செய்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது: அச்சிறுவர்களைத் தத்தம் வீட்டுக்குப் போய்த் தாய்தந்தையர்க்கும் வீட்டிலுள்ளவர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்றதைக் கற்பிக்கும்படி பணித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடியது. முதலில் சிலுவை அடையாளம். பிறகு விசுவாச மந்திரத்தை அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மக்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் பின், இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று அவர் கேட்க, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, நம்புகிறோம் என்று கூட்டம் ஒரே குரலில் விடை சொன்னது. கட்டளைகளும் அவ்வாறே ஒவ்வொன்றாக ஓதப்பட்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் அதைக் கடைப்பிடிக்க வரம் வேண்டி ஒரு மன்றாட்டு. எழுத்தறியாத, கடல்தொழிலில் நாள் முழுதும் கழிக்கும் மக்களுக்கு இம்முறை நன்றாகப் பொருந்தியது. கேட்டு, திருப்பிச் சொல்லி, உடம்பால் ஒப்புதல் காட்டிக் கற்பது தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கும் பாசுரம் ஓதும் மரபுக்கும் அன்னியமானதன்று. பின்னர் 1548 பெப்ரவரியில் மணப்பாட்டில் உடன்பணியாளர்களுக்கு அவர் எழுதித்தந்த நெறிமுறைகளில் இந்த வார ஒழுங்கு மேலும் தெளிவாகிறது: நாள்தோறும் சிறுவர்க்குக் கற்பித்தல், சனிக்கிழமை பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கும் கோயிலில் செபம், ஊர்தோறும் புதிதாகப் பிறந்த குழந்தைகளைத் தேடித் திருமுழுக்குக் கொடுத்தல், நோயாளிகளைச் சந்தித்தல், சண்டை சச்சரவுகளைத் தீர்த்துவைத்தல்.

இவ்வாரத்தின் இடர்களையும் கடிதங்கள் மறைக்கவில்லை. மொழிபெயர்ப்பில் விசுவாச மந்திரத்தின் ஒரு சொல் தவறாக அமைந்துவிட்டதை அறிந்து, அதை மாற்றி ஓதும்படி மன்சில்யாசுக்கு எழுதினார். 1544 ஆகஸ்டில் மொழிபெயர்ப்பாளர் நோயுற்றுவிட்டபோது, தாம் பேசுவது மக்களுக்கும் மக்கள் பேசுவது தமக்கும் விளங்காத நிலையில் தனியே இருப்பதை எழுதி, ஆயினும் பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் ஏழையின் தேவையை அறியவும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை என்று சேர்த்துக்கொண்டார். பரிதாபமும் உறுதியும் ஒருங்கே தெரியும் இடம் இது. நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்பு மிகுந்து தாம் போக முடியாதபோது, மந்திரம் அறிந்த சிறுவர்களிடம் தம் செபமாலையைக் கொடுத்து அனுப்பினார். சிறுவர்கள் அவ்வீட்டாரையும் அண்டையாரையும் கூட்டி விசுவாச மந்திரத்தைச் சொல்லி மன்றாடினார்கள். ஒரு பத்து வயதுப் பையன் வயது முதிர்ந்தவரின் பாயருகே நின்று வீட்டாரனைவரையும் சொல்லச் செய்யும் காட்சியை நினைத்துப் பார்த்தால், கற்பிப்பவர் கற்பவர் என்னும் வழக்கமான வரிசை இக்கரையில் எவ்வளவு முழுமையாகத் தலைகீழானது என்பது புலப்படும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சிறுவர்கள் ஊரில் யாரேனும் பழைய தெய்வங்களுக்கு வழிபாடு நடத்தினால் வந்து அறிவித்ததையும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணுருவங்களை உடைக்கச் செய்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிள்ளைகளைப் பெற்றோருக்கு எதிராகச் சான்று சொல்லவைத்த இச்செயலை அக்காலத்தின் வழக்கமென்று தள்ளிவிடுவது போதாது. குடும்பத்தின் வழியே கற்பித்த அதே முறை குடும்பத்துக்குள் பிளவையும் உண்டாக்கவல்லது என்பதற்கு அது சான்று. அவருடைய உண்மையான பரிவையும் இந்தக் கடுமையையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

திருச்செந்தூரைக் கடந்து தெற்கே போகும் சாலை, தேரி எனப்படும் செம்மணற்காட்டை வலப்புறம் விட்டு, பனைகளுக்கிடையே மணப்பாட்டை அடைகிறது. கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணற்பாறைக் குன்று. அதன்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். குன்றுக்கும் ஊருக்கும் நடுவே பிறைபோல் வளைந்த மணற்கரையும் ஆற்றுக்கழியும். குன்றின் கடல்பார்த்த சரிவில் சவேரியார் தங்கிச் செபித்ததாக மரபு சொல்லும் குகை இருக்கிறது. படியிறங்கினால் கூரை தாழ்ந்த சிறிய அறை, உள்ளே அலையோசையே பெரிதாகக் கேட்கும், பக்கத்தில் உப்புக் கரிக்காத நீருள்ள ஒரு கிணறு. செப்டம்பர் 14இல் நிறைவுறும் திருச்சிலுவைத் திருவிழாவின்போது வெளியூர்களில் குடியேறிய மணப்பாட்டார் ஊர் திரும்புவர். பூட்டிக்கிடந்த பெரிய பழைய வீடுகள் அப்போதுதான் திறக்கப்படும். குகை பற்றிய மரபுக்கு ஆவணச் சான்று தேடுவதைவிட, 1544இல் அவர் எழுதிய கடிதங்களில் மணப்பாடு என்னும் பெயர் மீண்டும் மீண்டும் வருவதே போதுமான ஆதாரம்.

அவ்வாண்டு சூன் மாதத்தில் மணப்பாட்டிலிருந்து அவர் மேற்கொண்ட பயணம் கற்பிக்கும் வாரம் எப்படிச் சிதைந்தது என்பதைக் காட்டுகிறது. விசயநகர ஆட்சியைச் சார்ந்த வடுகர் படை குமரிமுனைப் பகுதிக்குள் புகுந்து ஊர்களைக் கொள்ளையிட்டது. பரதவர் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டு, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கேட்டதும் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார்; தென்மேற்குப் பருவக்காற்று எதிர்த்து அடித்ததால் நாட்கணக்கில் போராடியும் தோணிகளால் முனையை எட்ட முடியவில்லை; திரும்பி வந்து, பின்னர் கரைவழியே நடந்து போய்ச் சேர்ந்தார். அங்கு அவர் கண்ட துயரத்தை, உண்ண இல்லாதவரும் நடக்க முடியாத முதியவரும் வழியிலேயே பிள்ளை பெற்றவரும் என வரிசைப்படுத்தி மன்சில்யாசுக்கு எழுதினார். செப்டம்பரில் தூத்துக்குடி மக்களும் வடுகரால் விரட்டப்பட்டு அருகிலிருந்த தீவுகளில் தண்ணீரின்றித் தவித்தபோது, தோணிகளோடு விரைந்து போய் உதவும்படி மன்சில்யாசை ஏவினார். அத்தீவுகளில் தவித்தவர்களில் தூத்துக்குடிப் போர்த்துகேயக் கேப்டனும் ஒருவர். அந்தக் கேப்டன் பரதவரைச் சுரண்டியதையும் வடுகரோடு குதிரை வணிகம் நடத்தியதையும் சவேரியார் கடுமையாகக் கண்டித்து வந்தவர். ஆயினும் அவருக்கும் உதவும்படியே எழுதினார். கற்பித்த மந்திரங்களைவிட இந்த உதவியே மக்களின் மனத்தில் அவரை நிலைநிறுத்தியது என்று கருத இடமுண்டு.

குமரிமுனைக்கு அப்பால் நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில், சிலுவையை உயர்த்தி வடுகர் படையைச் சவேரியார் தடுத்து நிறுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக வேணாட்டு மன்னர் கோயில் கட்ட நிலம் அளித்தார் என்றும் மரபு கூறும். இன்றைய சவேரியார் பேராலயத்தின் திருவிழா நவம்பர் இறுதியில் தொடங்கி அவருடைய நினைவுநாளான டிசம்பர் 3இல் முடிகிறது. அன்று குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு வரும் விழா அது. 1544இன் இறுதியில் பூவாரிலிருந்து பள்ளம் வரையுள்ள முக்குவர் என்னும் மீனவரின் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அவர் திருமுழுக்குக் கொடுத்தார். கொல்லங்கோடு, தூத்தூர், இனயம், குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் ஆகியவை அவ்வழியிலுள்ள ஊர்கள். முதலில் ஊராரைக் கூட்டித் தமிழில் மந்திரங்களைச் சொல்லி ஒப்புதல் பெறுவதும், திருமுழுக்குக் கொடுத்தபின் ஒவ்வொருவருடைய புதிய பெயரையும் ஓலையில் எழுதிக் கையில் தருவதும் அங்கே அவர் கையாண்ட முறை. விடுபட்ட மணக்குடியை முடிக்கும் பொறுப்பு மன்சில்யாசுக்கு வந்தது. ஒரு மாதத்தில் பத்தாயிரம் என்பது கற்பித்தல் ஆகாது. அது தொடக்கம் மட்டுமே. சவேரியார் அதை அறிந்திருந்தார் என்பதற்கு அவர் ஊர்தோறும் செய்துவிட்டுப் போன ஏற்பாடே சான்று.

அந்த ஏற்பாட்டின் மையம் கணக்கப்பிள்ளை. ஊர்க்கணக்கு எழுதுபவரைக் குறித்த இச்சொல்லைக் கோயிலைப் பார்த்துக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர்ப் பணியாளருக்கு அவர் வழங்கினார். பிற்காலத்தில் இப்பணியாளரை உபதேசியார் என்றனர். எழுதத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்து, மந்திரங்களின் ஓலைப் படியொன்றை அவரிடம் விட்டு, நாள்தோறும் ஓதச் செய்வதும் ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டுவதும், குரு இல்லாத வேளையில் சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவருடைய கடமையாக்கினார். இதற்கு ஊதியம் வேண்டுமே! முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அத்தொகையைக் கணக்கப்பிள்ளைமாருக்கு ஒதுக்கும்படி கேட்டுப் பெற்றார். பரதவர் உயிரைப் பணயம் வைத்துக் கடலடியிலிருந்து எடுத்த செல்வத்தில் ஒரு பங்கு பரதவப் பிள்ளைகளின் கல்விக்கே திரும்பி வந்தது. சவேரியார் இக்கரையில் செய்தவற்றுள் மிக நீண்ட பயன் தந்தது இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இனிப் பணிமாற்றம். 1545இல் நாகப்பட்டினத்துக்கும் அங்கிருந்து மயிலாப்பூருக்கும் போன சவேரியார், தோமையார் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தில் சில மாதங்கள் தங்கி, கிழக்கே போவதா கூடாதா என எண்ணித் துணிந்து, அவ்வாண்டு செப்டம்பரில் மலாக்காவை அடைந்தார். 1546இன் தொடக்கத்தில் அம்போன் தீவுக்குப் போனார். அங்கிருந்து மே மாதத்தில் எழுதிய கடிதத்தில், மன்சில்யாசும் ஜோவான் த பெய்ரா என்னும் மற்றொரு உடன்பணியாளரும் முத்துக்குளித்துறையை விட்டு மொலுக்கசுக்கு வர வேண்டுமென்று ஆணையிட்டார். இயேசு சபையில் சேர்பவர் மேற்கொள்ளும் உறுதிமொழிகளுள் கீழ்ப்படிதலும் ஒன்று. தலைவர் அனுப்பும் இடத்துக்கு மறுக்காமல் போவது அதன் பொருள். பெய்ரா போனார். மன்சில்யாஸ் போகவில்லை. அதன் விளைவாக 1548இல் சவேரியார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்.

இந்த விலக்கம் வரலாற்று நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆயினும் இக்கரையில் நின்று எண்ணிப் பார்ப்பவருக்கு அது எளிதில் கடந்துபோகக்கூடியதாக இல்லை. மூன்றாண்டுக் காலம் கரையின் ஊர்களை அறிந்து, பட்டங்கட்டிமாரோடு வாதாடி, தோணியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர், அறியாத தீவுகளுக்குப் போகத் தயங்கினார் என்பதில் கோழைத்தனம் மட்டுமே இருந்ததென்று சொல்ல யாரிடமும் சான்றில்லை. மக்களின் அன்பைப் பெறும்படி நடந்துகொள்ளுங்கள், பொறுமையாயிருங்கள் என்று கடிதந்தோறும் அவரை அறிவுறுத்தியவர் சவேரியாரே. அன்பைப் பெற்ற ஊரை விட்டு விலகுவது கடினம் என்பதைச் சவேரியாரும் உணர்ந்தே இருப்பார். ஆனால் ஒரு சபை சிலரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து யப்பான் வரை பரவ முற்படும்போது, தனி ஒருவரின் பற்றுதலுக்கு இடம் தர அவர் ஒருப்படவில்லை. முடிவு விதிப்படி சரியானது. மனிதரை நோக்கினால் கடுமையானது.

மாறாகக் கரையிலேயே இருந்துவிட்டவர் ஒருவரும் உண்டு. 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த என்றீக்கே என்றீக்கஸ் என்னும் மறைபணியாளர், தமிழ் எழுதவும் பேசவும் படிக்கவும் முனைந்து கற்று, சவேரியார் காலத்து மொழிபெயர்ப்பின் பிழைகளைத் திருத்தி, தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கண நூலை ஆக்கினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறு பக்கமுள்ள அச்சிறு நூலே தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் அடியார் வரலாறும் வெளிவந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையிலேயே வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்த அவருடைய உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. சவேரியாரோ 1549 ஆகஸ்டு 15 அன்று யப்பானின் ககோசிமாவில் இறங்கி, மூன்றாண்டு கழித்து 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில், சீனாவுக்குள் நுழைய வழி கிடைக்காமலே உயிர் துறந்தார். 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உலகம் முழுவதும் அவர் பெயரில் கோயில்களும் பள்ளிகளும் உள்ளன. என்றீக்கசின் பெயரை அச்சு வரலாறு படிப்பவர் தவிர வேறெவரும் பெரிதும் அறிவதில்லை. ஆயினும் ஒருவர் தொடங்கியதை மற்றவர் திருத்தி நிலைநிறுத்தாவிட்டால், முத்துக்குளித்துறையின் கிறித்தவம் முதல் திருமுழுக்கு நடந்த ஆண்டுகளில் இருந்தது போலவே பெயரளவில் நின்றிருக்கும்.

இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கோயிலும் இல்லை, நூலும் இல்லை. கோவாவிலிருந்து உடன்வந்த மூன்று தமிழ் இளைஞர்கள், கடிதங்களில் போர்த்துகேயப் பெயரோடு மட்டும் தலைகாட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், ஓலைப்படியை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டிய கணக்கப்பிள்ளைமார், சனிக்கிழமைக் கூட்டத்தில் கற்றதை அடுப்படியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மார், செபமாலையை எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்கு ஓடிய சிறுவர்கள் ஆகியோரே உண்மையில் குடும்பங்களுக்குக் கற்பித்தவர்கள். சவேரியார் ஊருக்கு ஊர் தாவிச் செல்ல முடிந்ததும், கடல் கடந்து போக முடிந்ததும் இவர்கள் இருந்ததனால்தான். இவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வூர்களில் வாழ்கின்றனர். பழைய மந்திரங்களின் பாடவேறுபாடுகள் முதியோர் சிலரின் நினைவில் உள்ளன. உபதேசியார் குடும்பங்களில் ஓலைகளும் கையெழுத்துப் படிகளும் பெட்டியடியில் கிடக்கலாம். பங்குக் கோயில்களின் பழைய திருமுழுக்குக் குறிப்பேடுகளைக் கடற்காற்றின் உப்பு அரித்துக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி, கோட்டாறு மறைமாவட்டங்களும், கடற்கரை ஊர்களின் கல்லூரிகளும், அவ்வூர்களில் பிறந்து வெளியே படித்து உயர்ந்த இளைஞர்களும் அவற்றைத் தேடித் தொகுத்துப் படியெடுக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.